சாக்லேட் விலை எகிறியும் கோகோ விவசாயி கையில் காசு இல்லையே, ஏன்? கானா தோட்டங்களில் என்ன நடக்கிறது? - முழு விளக்கம்

2024-ல் சாக்லேட் வாங்கியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒண்ணு, விலை ஏறியது. இல்லைன்னா அதே விலையில் சாக்லேட் சின்னதாச்சு. காரணம் கோகோ. பல வருஷங்களாக டன்னுக்கு 2,000 முதல் 3,000 டாலருக்குள் சுத்திக்கிட்டிருந்த கோகோ, 2024 டிசம்பரில் நியூயார்க் சந்தையில் 12,000 டாலரைத் தாண்டியது. வரலாற்றிலேயே அதுதான் உச்சம்.

அப்படின்னா கோகோ விவசாயிகள் அந்த வருஷம் பணக்காரங்க ஆகியிருக்கணுமே? ஆகலை. மேற்கு ஆப்பிரிக்காவில் பல லட்சம் குடும்பங்களுக்கு அதற்கு முந்தைய வருஷங்களைவிட மோசமான சீசனாகத்தான் அது முடிந்தது. ஏன் என்று புரியணும்னா வானிலை, நிழல், நிலம், கடன் எல்லாத்தையும் சேர்த்துப் பார்க்கணும்.

முதலில் ஒரு சின்ன கணக்கு

உலகக் கோகோவில் கிட்டத்தட்ட 60 சதவீதம் இரண்டே நாடுகளில் இருந்து வருகிறது. ஐவரி கோஸ்ட், அதற்குப் பக்கத்து நாடான கானா. இங்கே பெரிய எஸ்டேட்கள் குறைவு. பெரும்பாலும் 2, 3 ஹெக்டேர் வைத்திருக்கும் சிறு விவசாயிகள்தான். ஒரு ஹெக்டேருக்கு (ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்) 400 முதல் 500 கிலோ உலர்ந்த கொட்டை கிடைத்தால் சராசரி விளைச்சல்.

கானாவில் கோகோவை 64 கிலோ மூட்டைக் கணக்கில்தான் வாங்குவார்கள். விலையை அரசு வாரியமான 'கோகோபாட்' அறிவிக்கும். 2023 செப்டம்பரில் அறிவித்த விலை மூட்டைக்கு 1,308 சீடி (கானா நாணயம்). 2 ஹெக்டேரில் 14 மூட்டை எடுத்த விவசாயிக்கு மொத்தம் 18,312 சீடி. அன்றைய மதிப்பில் சுமார் 1,600 டாலர். நம்ம பணத்தில் ஏறக்குறைய 1.3 லட்சம் ரூபாய். ஒரு மாசத்துக்கு இல்லை, அந்த சீசன் முழுசுக்கும். இதில் உரம், மருந்து, கூலி எல்லாம் போக மீதிதான் குடும்பத்துக்கு.

அதே 14 மூட்டை 2024 ஏப்ரலில் உலகச் சந்தையில் 9,000 டாலர் வரை போகும் சரக்கு. கால்குலேட்டரை நானும் இரண்டு தடவை தட்டிப் பார்த்தேன். சரியாத்தான் இருக்கு.

கோகோ மரத்துக்கு அப்படி என்ன வேணும்?

கோகோ அமேசான் காட்டு மரம். உயர்ந்த மரங்களின் அடியில், பாதி நிழலில் வளர்ந்து பழகியது. பூமத்திய ரேகைக்கு வடக்கேயும் தெற்கேயும் 20 டிகிரிக்குள் மட்டும்தான் விளையும். வருஷத்துக்கு 1,500 முதல் 2,000 மில்லிமீட்டர் மழை வேணும், அதுவும் சீராகப் பெய்யணும். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மரம் திணறும்.

கானாவுக்குள் கோகோ பரவியதற்கு டெட்டே குவார்ஷி என்பவரைச் சொல்வார்கள். 1879-ல் பெர்னாண்டோ போ தீவில் இருந்து விதை கொண்டுவந்து மாம்போங் ஊரில் நட்டவர். அங்கிருந்து ஆரம்பித்த பயிர், சில பத்தாண்டுகளிலேயே கானாவை உலகின் முன்னணி உற்பத்தியாளர் ஆக்கியது. இன்று அந்த இடத்தில் ஐவரி கோஸ்ட்.

பூ தண்டிலேயே பூக்கும். காய் முற்ற 5, 6 மாதம் ஆகும். ஒரு கிலோ உலர்ந்த கொட்டைக்கு சுமார் 25 காய் உடைக்கணும். கொட்டையை வாழை இலை போட்டு மூடி 6, 7 நாள் புளிக்க வைத்து, மூங்கில் தட்டியில் காயவைத்த பிறகுதான் மூட்டை. அக்டோபர் முதல் மார்ச் வரை பெரிய அறுவடை. நடுவில் ஒரு சின்ன அறுவடை. மத்த மாதங்களில் கையில் காசு இருக்காது, கடன்தான் ஓடும். இந்த 'காசில்லாத மாதங்கள்' கதை பின்னாடி மறுபடி வரும்.

வானிலையில் என்னதான் மாறியிருக்கு?

2025 பிப்ரவரியில் கிளைமேட் சென்ட்ரல் அமைப்பு ஒரு ஆய்வை வெளியிட்டது. கடந்த பத்து வருஷத்தில், ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலும் பெரிய சீசன் காலத்தில் 32 டிகிரியைத் தாண்டும் நாட்கள், காலநிலை மாற்றத்தால் மட்டும் சுமார் மூன்று வாரம் கூடியிருக்கு என்கிறது அது. 2024 பிப்ரவரியில் மேற்கு ஆப்பிரிக்காவின் தென்பகுதியை வாட்டிய புழுக்கமான வெப்ப அலை, காலநிலை மாற்றத்தால் 10 மடங்கு அதிக வாய்ப்புள்ளதாக மாறியிருந்தது என்று வேர்ல்ட் வெதர் ஆட்ரிபியூஷன் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள்.

மழையும் ஒழுங்காக இல்லை. 2023-ல் அளவுக்கு மீறிக் கொட்டியது. ஈரம் தேங்கினால் காய் கறுத்து அழுகும் நோய் வரும். மழை ஓய்ந்ததும் எல் நினோ, வறட்சி. கூடவே சஹாராவில் இருந்து வீசும் ஹார்மட்டான் என்ற வறண்ட தூசிக்காற்று. விளைவு, 2020-21 சீசனில் 10 லட்சம் டன்னைத் தாண்டிய கானாவின் உற்பத்தி, 2023-24-ல் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. உலக அளவில் தேவைக்கும் வரத்துக்கும் இடையே சுமார் 5 லட்சம் டன் பள்ளம். விலை எகிறியது இதனால்தான்.

எல்லாப் பழியையும் வானிலை மேல் போடவும் முடியாது. மரங்களுக்கு வயசாகிவிட்டது, பல விவசாயிகளுக்கும்தான். 'கலாம்சே' என்று அங்கே சொல்லும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கம் கோகோ நிலத்தைக் குழி தோண்டி, ஆற்றைச் சேறாக்குகிறது. தண்டு வீங்கி மரம் சாகும் வைரஸ் நோய் ஒண்ணு இருக்கு. 1936-லேயே கானாவில் அடையாளம் கண்டது. மாவுப்பூச்சி பரப்பும். மருந்து கிடையாது. நோய் வந்த மரத்தையும் சுத்தியிருக்கும் மரங்களையும் வெட்டிச் சாய்ப்பது மட்டும்தான் வழி.

நிழல் மரம் நட்டால் போதுமா?

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க கோகோ விவசாயிக்கு என்ன சொல்லித் தருகிறார்கள் என்று பார்த்தால், முதல் பாடம் நிழல்தான். கோகோவுக்கு நடுவில் உயரமான மரங்களை வளர்ப்பது. கானாவின் டாஃபோ ஊரில் 1938 முதல் இயங்கும் கோகோ ஆராய்ச்சி நிலையத்தின் பரிந்துரை, ஹெக்டேருக்கு 15 முதல் 18 பெரிய மரம். ஆஃப்ரம், எமிரே போன்ற உள்ளூர் மரங்களைச் சொல்வார்கள். இளம் கன்றுக்கு நிழல் தர, முதல் இரண்டு மூன்று வருஷம் வாழையும் சேம்பும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. காட்டில் நிழலில் வளர்ந்த மரத்துக்கு நிழலை எடுத்ததே மனுஷங்கதான். சில பத்தாண்டுகளுக்கு முன் 'நிழல் இல்லாமல் உரம் போட்டால் விளைச்சல் கூடும்' என்று ஆராய்ச்சி சொன்னது. கூடவும் செய்தது. புது ஒட்டு ரகங்கள் வெயிலில் வேகமாகக் காய்த்தன. விவசாயிகள் பெரிய மரங்களை வெட்டினார்கள். ஆனா அந்த விளைச்சல் நிற்க உரம் தொடர்ந்து போடணும், அதுக்குக் காசு இல்லை. மண் சத்து போச்சு, 20, 25 வருஷத்தில் மரம் ஓய்ந்தது. இப்போ அதே விவசாயியிடம் 'மரம் நடுங்க' என்கிறோம். அவர் ஒரு நிமிஷம் முறைச்சுப் பார்த்தால் தப்பு சொல்ல முடியாது.

நிழல் என்ன செய்யும்? அடியில் வெப்பத்தைக் குறைக்கும். ஹார்மட்டான் காற்றைத் தடுக்கும். உதிரும் இலை மண்ணில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். இன்னொரு வேலை கண்ணுக்கே தெரியாது. கோகோ பூவை மகரந்தச் சேர்க்கை செய்வது தேனீ இல்லை, கொசுவைவிடச் சின்ன ஒரு ஈ. அது இலைக்குப்பையிலும் அழுகும் வாழைத் தண்டிலும் தான் குஞ்சு பொரிக்கும். கோகோவில் பூக்கிற பூவில் நூற்றுக்கு ஐந்துகூடக் காயாகாது. அதனால் 2017-ல் கானா அரசு ஆட்களை வைத்துக் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்யும் திட்டம் கொண்டுவந்தது. தோட்டத்தில் குப்பையும் நிழலும் இருந்தால் அந்த வேலையில் ஒரு பங்கை ஈயே கூலி இல்லாமல் பார்த்துக்கும்.

ஆனா எந்த மரம் வேணும்னாலும் நட முடியாது. நிழல் அதிகமானால் ஈரம் தேங்கி காய் அழுகும். அதனால் வருஷா வருஷம் கவாத்து செய்யணும். நம்ம ஊர் இலவம்பஞ்சு மரம் அங்கேயும் உண்டு. தண்டு வீங்கும் வைரஸுக்கு அது ஒரு தங்கும் வீடு, ஆகவே அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கடும் வறட்சியில் சில நிழல் மரங்களே கோகோவோடு தண்ணீருக்குப் போட்டி போடும். எந்த ஊருக்கு எந்த மரம் என்று தெரிந்த ஆள் தோட்டத்துக்கு வந்து சொல்லணும். கன்றை லாரியில் இறக்கிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போகும் திட்டங்கள் தோற்பது இங்கேதான்.

மரம் வளர்த்தால் அது யாருக்குச் சொந்தம்?

இது பலருக்கும் தெரியாத விஷயம். நம்புவதற்கும் கஷ்டமா இருக்கும். கானா சட்டப்படி தானாக முளைத்த காட்டு மரம் அரசின் பொறுப்பில் இருக்கும் சொத்து. விவசாயி தன் தோட்டத்தில் அதை 30 வருஷம் காப்பாற்றி வளர்த்திருந்தாலும் அதே கதைதான். மர வியாபாரி உரிமம் வாங்கிக்கொண்டு வந்து வெட்டலாம். அந்தப் பணம் வனத்துறை, மாவட்ட நிர்வாகம், பாரம்பரியத் தலைவர்கள் என்று பிரியும். விவசாயிக்குப் பங்கு இல்லை. மரம் சாயும்போது அடியில் நசுங்கும் கோகோவுக்கு நஷ்டஈடு மட்டும் பேசி வாங்கிக்கொள்ளலாம்.

அதனால் விவசாயி என்ன செய்வார்? முளைக்கும்போதே பிடுங்கிவிடுவார். கொஞ்சம் வளர்ந்திருந்தால் பட்டையை வட்டமாக உரித்து மரத்தைச் சாகவிடுவார். அறியாமையால் செய்வதில்லை, கணக்குப் போட்டுத்தான் செய்கிறார். விவசாயியே நட்ட மரம் அவருக்குச் சொந்தம். ஆனா பின்னாடி 'இது நான் நட்டது' என்று நிரூபிக்கணுமே? அதுக்காகத்தான் நட்ட மரங்களைப் பதிவு செய்து சான்று தரும் வேலை நடக்கிறது. காலநிலை திட்டங்களில் இந்த ஒரு காகிதத்துக்கு உள்ள மதிப்பு, ஆயிரம் இலவசக் கன்றுக்கு இல்லை என்பது என் கருத்து.

நிலமும் சிக்கல்தான். தோட்டத்தில் வேலை செய்கிறவர் பல சமயம் நில உரிமையாளர் இல்லை. வாரத்துக்குப் பயிர் செய்பவர். 'அபுசா' என்றால் மூன்றில் ஒரு பங்கு. 'அபுனு' என்றால் பாதி. சில இடங்களில் அந்த உரிமை கோகோ மரம் நிற்கும்வரைதான். கிழட்டு மரத்தை வெட்டிப் புதுசு நட்டால் நிலம் கையை விட்டுப் போகலாம். அப்புறம் எப்படி அவர் நோய் வந்த மரத்தை வெட்டச் சம்மதிப்பார்?

சரி, 12,000 டாலர் எங்கே போச்சு?

கானா தன் கோகோவில் பெரும்பகுதியை ஒரு வருஷம் முன்பே விலை பேசி விற்றுவிடும் வழக்கம் வைத்திருந்தது. அந்த ஒப்பந்தங்களைக் காட்டி வெளிநாட்டு வங்கிகளில் கடன் வாங்கி, அந்தப் பணத்தில் விவசாயியிடம் கோகோ வாங்கும். விலை விழுந்தால் இது விவசாயிக்குக் குடை. விலை ஏறினால் அதே குடை மழைத்தண்ணியை அவர் மேல் விழாமல் தடுத்துவிடும். 2024-ல் நடந்தது அதுதான். கோகோ விற்றது பழைய விலைக்கு. அதைக்கூடக் கொடுத்து முடிக்க அந்த வருஷம் கொட்டை இல்லை.

2024 ஏப்ரலில் மூட்டை விலையை 2,070 சீடி ஆக்கினார்கள். செப்டம்பரில் 3,000. அதற்குள் எல்லை தாண்டிக் கடத்தல் பெருகிவிட்டது. 2024-25 சீசனில், 32 வருஷத்தில் முதல்முறையாக, அந்த வெளிநாட்டுக் கடன் முறையையே கானா கைவிட்டது. 2025 அக்டோபரில் மூட்டை 3,625 சீடி ஆனது. ஐவரி கோஸ்ட் கிலோவுக்கு 2,800 சிஎஃப்ஏ பிராங்க் அறிவித்தது. விவசாயிக்கு நல்ல விலை வந்த நேரம் பார்த்து உலக விலை திரும்பியது. 2025 நவம்பரில் டன் 6,000 டாலருக்கும் கீழே.

இதற்கு முன்பே 2019-ல் இரண்டு நாடுகளும் சேர்ந்து ஒரு முயற்சி எடுத்தன. சந்தை விலைக்கு மேல் டன்னுக்கு 400 டாலர் 'வாழ்வதற்கான வருமான' கூடுதல் தொகை தரணும் என்று கம்பெனிகளிடம் கேட்டன. 2020-21 சீசனில் அமலுக்கு வந்தது. ஆனா தரத்துக்காகத் தனியாகக் கிடைத்து வந்த இன்னொரு கூடுதல் தொகை அதற்குப் பிறகு குறைந்து, பூஜ்யத்துக்கும் கீழே போனது. ஒரு கையில் கொடுத்து மறு கையில் எடுத்த கணக்கு என்று இரு நாடுகளும் கோபப்பட்டன.

அப்போ எதுதான் கொஞ்சமாவது வேலை செய்யுது?

பெண்கள் நடத்தும் கிராமச் சேமிப்புக் குழுக்கள். நம்ம மகளிர் சுயஉதவிக் குழு மாதிரியேதான். வாரா வாரம் கொஞ்சம் போட்டு, காசில்லாத மாதங்களில் அதிலிருந்தே கடன் எடுப்பார்கள். வெளியே வட்டிக்கு வாங்கிவிட்டு அறுவடையைக் குறைந்த விலைக்கு முன்கூட்டியே விற்கும் நிலைமை குறையும். வாழை, சோளம், கோழி, தேன் என்று பக்க வருமானமும் சேரும். காய்ந்த கோகோ ஓட்டை எரித்த சாம்பலில் செய்யும் கறுப்புச் சோப்பு, மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய கைத்தொழில்.

2022-ல் நெஸ்லே ஒரு வேறு மாதிரியான திட்டம் கொண்டுவந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, கவாத்து, நிழல் மரம், பக்க வருமானம். இந்த நாலையும் செய்தால் முதல் இரண்டு வருஷம் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 500 சுவிஸ் பிராங்க் வரை ஊக்கத்தொகை. பணம் மொபைலில் வரும், பாதி மனைவியின் கணக்குக்கு. கோகோ எவ்வளவு விற்றார் என்பதை வைத்து இல்லாமல், என்ன செய்தார் என்பதை வைத்துக் கொடுப்பது இதில் புதுசு. சின்னத் தோட்டக்காரரும் அதே தொகை வாங்கலாம். கம்பெனியே நடத்தும் திட்டம், அதன் பெயருக்கும் நல்லதுதான் என்பதையும் சொல்லிவிடலாம். பிள்ளைகள் விஷயம் ஏன் முதலில் வருகிறது? இரு நாடுகளிலும் சேர்த்து 15.6 லட்சம் குழந்தைகள் கோகோ வேலையில் இருப்பதாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2020-ல் சொன்னது. கூலிக்கு ஆள் வைக்கக் காசு இல்லாத தோட்டத்தில் கவாத்துக் கத்தி யார் கைக்குப் போகும் என்று யோசிங்க.

ஐரோப்பா போடும் புது நிபந்தனை என்ன?

வெப்பம் கூடக்கூட கோகோவுக்கு ஏற்ற இடம் மேட்டு நிலத்துக்கு நகரும் என்று 2013-லேயே ஓர் ஆய்வு கணித்தது. இன்று கடல் மட்டத்தில் இருந்து 100 முதல் 250 மீட்டர் உயரம் தோது என்றால், 2050-ல் 450 முதல் 500 மீட்டர். மேற்கு ஆப்பிரிக்காவில் அந்த உயரத்தில் நிலம் கம்மி. இருக்கும் மேடுகளில் பல, மிச்சமிருக்கும் காடு. ஐவரி கோஸ்ட் 1960-க்குப் பிறகு தன் காட்டில் 80 சதவீதத்துக்கு மேல் இழந்துவிட்டது, அதில் பெரிய பங்கு கோகோவுக்கு.

அதனால் ஐரோப்பிய யூனியன் 2023-ல் சட்டம் போட்டது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடு அழித்த நிலத்தில் விளைந்த கோகோ அங்கே நுழைய முடியாது. எந்தத் தோட்டம் என்று செயற்கைக்கோள் வரைபடத்தில் காட்டணும். 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லை முழுசும் குறிக்கணும். இரண்டு தடவை தள்ளிப்போய், இப்போது பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 கெடு. தோட்டத்தை அளந்து பதிவு செய்தால் விவசாயிக்கும் லாபம் உண்டு. நிலத்துக்கு ஒரு ஆதாரம் கிடைக்கும். பதிவில் விட்டுப்போனவர் கொட்டையை இடைத்தரகரிடம் கிடைத்த விலைக்குத் தள்ளணும்.

நம்ம பக்கம் எப்படி?

பொள்ளாச்சி பக்கம் போனவங்க தென்னைக்கு நடுவில் கோகோ பார்த்திருப்பீங்க. கேரளம், ஆந்திரா, கர்நாடகாவிலும் தென்னை, பாக்குத் தோப்புக்குள் ஊடுபயிர்தான். கானாவில் திட்டம் போட்டுக் கொண்டுவரும் நிழல் இங்கே முதல் நாளில் இருந்தே இருக்கு. தென்னை யாருக்குச் சொந்தம் என்ற சண்டையும் கிடையாது. கோகோ விலை விழுந்தாலும் தேங்காய் இருக்கு. இங்கே அரசு விலை நிர்ணயமும் இல்லை என்பதால், பல வருஷம் கிலோ 200, 250 ரூபாய்க்குப் போன உலர்ந்த கொட்டை, 2024 ஏப்ரலில் கேரளத்தில் 1,000 ரூபாயைத் தாண்டியபோது அந்தப் பணம் விவசாயி கைக்கே வந்தது. அடுத்த வருஷம் அதே வேகத்தில் இறங்கியதும் அவர் தலையில்தான்.

இப்போ நட்டால் எப்போ காய்க்கும்?

கானாவில் நோய் வந்த தோட்டங்களை அரசே வெட்டி, புது ரகக் கன்றும் வாழையும் நட்டு, இரண்டு வருஷம் பராமரித்து விவசாயியிடம் திருப்பித் தரும் திட்டம் ஒன்று நடக்கிறது. புது ரகக் கன்று முதல் காய் காட்ட சுமார் மூன்று வருஷம். நல்ல விளைச்சலுக்கு இன்னும் சில வருஷம். கூடவே நடும் ஆஃப்ரம் மரம் விற்கிற அளவு தடிமனாக 20 வருஷத்துக்கு மேல் ஆகும். முதல் வருமானம் வாழைத்தாரில் இருந்துதான், அதுவும் நட்டு ஒரு வருஷம் கழித்து. அதுவரை அந்த வீட்டுச் செலவுக்கு என்ன என்பதற்குப் பதில் வைத்திருக்கும் திட்டத்துக்குத்தான் விவசாயி மரத்தை வெட்டச் சரி என்பார்.